சிலிண்டருக்கும் ஹீட்டருக்கும் இடையிலுள்ள அந்த ஒரு மீற்றர்

வன்னி வெயிலில் வாழ்பவனுக்கு ஹீட்டர் எதற்கு என்று சிலர் சிரிக்கக் கூடும். மனிதனுக்கு வேண்டாம்தான். ஆனால் ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 பாகை வரை வெப்பம் வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் பேக்கரியில் குழைத்து வைத்த மா பொங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கராஜில் அடித்த பெயின்ட் ஈரக்காற்றில் காயாமல் பிசுபிசுத்து நிற்கும். வடகீழ்ப் பருவ மழை தொடங்கினால் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்று மாவட்டங்களிலும் சிறு தொழில் செய்பவர் பலருக்கு வெப்பம் ஒரு மூலப்பொருள்தான். அந்த வெப்பத்தை விறகிலிருந்தும் உமியிலிருந்தும் எடுத்த காலம் போய், இன்று காஸ் சிலிண்டரிலிருந்து எடுப்போர் பெருகி வருகிறார்கள். ஆகவே இவ்வாரம் இலாப நட்டக் கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, சிலிண்டரையும் ஹீட்டரையும் இணைக்கும் அந்த ஒரு மீற்றர் தூரத்தைப் பற்றி எழுதுகிறேன். தொழில் பக்கத்தில் இதற்கு என்ன இடம் என்று கேட்க வேண்டாம். அந்த ஒரு மீற்றரில் தவறு நடந்தால் கணக்கு எழுதக் கடையே மிஞ்சாது.

காஸ் எங்கள் பகுதிக்குப் பிந்தி வந்த பொருள். யுத்த காலத்தில் பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய்க்கே தவம் கிடந்த பிரதேசம் இது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எமது மக்கள் புத்தளத்திலும் வேறு ஊர்களிலும் அகதி வாழ்வு வாழ்ந்தபோது, அங்கே சிலர் பேக்கரி வேலையும் கராஜ் வேலையும் பழகிக்கொண்டார்கள். 2009க்குப் பின் தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் நாச்சிக்குடாவுக்கும் திரும்பியவர்கள் கையில் தொழிலைக் கொண்டு வந்தார்கள். கட்டிடத்துக்கும் இயந்திரத்துக்கும் கடன் பட்டார்கள். சிலிண்டரும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஆனால் அதை எப்படி இணைப்பது என்று சொல்லிக் கொடுக்கும் பாஸ்மார் அதே வேகத்தில் வந்து சேரவில்லை. தண்ணீர்க் குழாய் பொருத்துபவரே காஸ் குழாயும் பொருத்துகிறார். அவரைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் ஒழுகினால் நிலம் நனையும், கண்ணுக்குத் தெரியும். காஸ் ஒழுகினால் அப்படியா?

2021ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாடெங்கும் நூற்றுக்கணக்கான வீடுகளில் அடுப்பு வெடித்தது, கண்ணாடி மேசை சிதறியது, குழாய் தீப்பற்றியது. உயிர்களும் போயின. நவம்பர் 20ஆம் திகதி காலையில் கொழும்பு ரேஸ்கோர்ஸ் கட்டிடத்தில் இருந்த உணவகத்திலும் வெடிப்பு ஏற்பட்டது. அது வீட்டுச் சமையலறை அல்ல, தொழில் நடக்கும் இடம் என்பதைக் கவனியுங்கள். ஜனாதிபதி எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்றை நியமித்தார். மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அதற்குத் தலைமை வகித்தார். சிலிண்டருக்குள் இருந்த கலவை மாறியதே முக்கிய காரணம் என்று அக்குழு சொன்னது.

கலவை என்றால் என்ன? நாம் காஸ் என்று வாங்குவது ஒரே பொருள் அல்ல. புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களை அமுக்கித் திரவமாக்கிச் சேர்த்து நிரப்புகிறார்கள். புரொப்பேன் துடிப்பான ஆள். சுழியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேன் சோம்பேறி, கிட்டத்தட்ட பனிக்கட்டி உறையும் குளிரில்தான் அதன் கொதிநிலை. நமது 30 பாகை வெப்பத்தில் தனிப் புரொப்பேன் சிலிண்டருக்குள் சுமார் பத்து மடங்கு வளிமண்டல அழுத்தத்தை உண்டாக்கும். தனிப் பியூட்டேன் மூன்று மடங்கைக் கூடத் தாண்டாது. எங்களைப் போன்ற வெப்ப நாட்டில் பியூட்டேனைக் கூட்டி, புரொப்பேனைக் குறைத்து வைப்பது அதனால்தான். 2021இல் புரொப்பேனின் பங்கு பாதி அளவுக்கு உயர்ந்தது. உள்ளே இருந்த அழுத்தமும் கூடவே உயர்ந்தது.

அழுத்தத்தைக் கணக்காகச் சொன்னால் விளங்காது, கிணற்றால் சொல்கிறேன். ஐந்து மடங்கு அழுத்தம் என்பது 50 மீற்றர் ஆழமான குழாய்க்கிணற்றின் அடியில் தண்ணீர் தள்ளும் தள்ளு. சாதாரண அடுப்புக்கோ சிறு ஹீட்டருக்கோ வேண்டிய அழுத்தம் எவ்வளவு தெரியுமா? சுமார் 30 மில்லிபார். ஒரு குழாயின் நுனியை வாளித் தண்ணீரில் ஒரு சாண்க்குச் சற்றுக் கூடுதலாக அமிழ்த்தி ஊதினால் வரும் எதிர்ப்பு, அவ்வளவுதான். கிணற்றின் அடியையும் வாளியின் அடியையும் பிரித்து நிற்பது ஒரே ஒரு சின்னச் சாமான். அதுதான் ரெகுலேட்டர்.

"ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைக்கிறதென்றால் கலவை மாறினால் என்ன?" என்று 2021இல் பலர் கேட்டார்கள். நல்ல கேள்வி. சிலிண்டர் வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் இடையில் உள்ள இறப்பர் வளையம் முழு அழுத்தத்தையும் தாங்குகிறது.  குறைந்த அழுத்தத்துக்குப் பழகிப் பத்து வருடம் கிழடாகிப் போன வளையம், கூடிய அழுத்தம் வந்ததும் கையை விரித்துவிடும். எனது அபிப்பிராயம் இதுதான்: கலவையை மாற்றியவர்கள் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஆனால் கலவை எங்கள் கையில் இல்லை. வளையமும் குழாயும் கிளிப்பும் எங்கள் கையில் இருக்கின்றன.

ஒரு சின்ன உதிரிப்பாகம் என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 1968 மே 16ஆம் திகதி அதிகாலையில் லண்டனில் ரோனன் பொயின்ட் என்ற 22 மாடிக் கட்டிடத்தின் 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் வைக்கத் தீக்குச்சி உரசினார். கட்டிடத்தின் ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டு போலச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். மக்கள் குடியேறி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. கட்டிடத்தின் அமைப்பில் இருந்த பலவீனம் வேறு கதை. காஸ் கசிந்ததற்கு விசாரணையில் அகப்பட்டது என்ன? அடுப்பையும் காஸ் குழாயையும் இணைத்த ஒரு பித்தளை நட்டு. அதன் விளிம்பு உரிய தடிப்பில் இல்லை, பொருத்தும்போது அளவுக்கு மீறி இறுக்கவும் பட்டிருக்கலாம் என்று கண்டார்கள். அடுப்பில் குற்றமில்லை. இடையில் இருந்த நட்டில்தான் குற்றம்.

இனி எங்கள் பட்டறைக்கு வருவோம். ஹீட்டரோ பேர்னரோ வாங்கும்போது அது குறைந்த அழுத்தத்துக்கு உரியதா, கூடிய அழுத்தத்துக்கு உரியதா என்பதை முதலில் பாருங்கள். உடம்பில் ஒட்டிய தகட்டில் இருக்கும். வீட்டு ரெகுலேட்டர் குறைந்த அழுத்தத்தைத் தருவது, அதில் திருப்பி மாற்ற எதுவும் இல்லை. பெரிய பேக்கரிப் பேர்னருக்கும், ஊதும் வகை ஹீட்டருக்கும் கூடிய அழுத்த ரெகுலேட்டர் வேண்டும். அதில் கைப்பிடி இருக்கும், சிலவற்றில் மானியும் இருக்கும். இவை இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் எங்கள் கடைத்தெருக்களில் நான் காணும் பெரிய ஆபத்து. குஞ்சுக்கூட்டில் தொங்கும் சிறிய புரூடருக்குக் கூடிய அழுத்த ரெகுலேட்டரை மாட்டினால் சுவாலை தலைப்பை விட்டுத் துள்ளும், கரகரவென்று சத்தம் போடும், சாதாரணக் குழாய் வீங்கும். சூடு கூடுகிறது என்று சந்தோசப்படுகிறார்கள்! உமி பரப்பிய கூட்டில் அந்தச் சுவாலைக்கு ஒரு பொறி போதும்.

ரெகுலேட்டரே இல்லாமல் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து ஓட்டுகிறவர்களும் உண்டு. தகரம் சூடாக்கும் டோர்ச்சில் அப்படிப் பழகிய கைகள் ஹீட்டருக்கும் அதையே செய்கின்றன. சிலிண்டரின் வால்வு திறக்கவும் பூட்டவும் உள்ள சாமானே ஒழிய அளந்து கொடுக்கும் சாமான் அல்ல. வெயில் ஏறினால் உள்ளழுத்தம் ஏறும். காலையில் கொஞ்சமாகத் திறந்தது மத்தியானத்தில் கொஞ்சமாக இருக்காது.

அடுத்தது குழாய். வவுனியாவில் ஒரு சோர்ட் ஈட்ஸ் தயாரிக்கும் இடத்தில் நான் கண்டது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பச்சை ஹோஸ், இரண்டு முனையிலும் செப்புக் கம்பியால் சுற்றி முறுக்கியிருந்தது. கேட்டேன். "மூன்று வருசமா இப்படித்தான் நானா, ஒண்டும் நடக்கேல்ல" என்றார் முதலாளி. மூன்று வருடத்தில் அந்த ஹோஸுக்கு என்ன நடந்தது என்பதை அவருக்கு மடக்கிக் காட்டினேன். முருங்கைக்காய் முறிவது போல வெடிப்பு விட்டது. சாதாரண பிளாஸ்ரிக்கில் அதை நெகிழ வைக்கும் எண்ணெய்ச் சத்து ஒன்று கலந்திருக்கும். காஸ் அந்தச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடுகிறது. மெதுவாக இருந்த ஹோஸ் காய்ந்த குச்சியாகிவிடும். சாதாரண இறப்பரையும் அது அரிக்கும். கொம்பிறெசர் காற்றுக் குழாயும் இதற்கு உதவாது. எல்.பி. காஸுக்கென்றே செய்யப்பட்டு, உடலில் அந்த எழுத்தும் தயாரித்த வருடமும் அச்சிட்ட குழாயையே வாங்குங்கள். எஸ்.எல்.எஸ். முத்திரையையும் பாருங்கள். கூடிய அழுத்தத்தில் ஓடுவதென்றால் அந்த அழுத்தத்தின் அளவும் குழாயில் அச்சிட்டிருக்க வேண்டும்.

நீளம் ஒன்றரை மீற்றருக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் தூரம் என்றால் செப்புக் குழாயோ உருக்குக் குழாயோ சுவரோடு பொருத்தி, இரண்டு முனையிலும் மட்டும் சிறு துண்டுக் குழாய் போட வேண்டும். பி.வி.சி. தண்ணீர்க் குழாயை இதற்குப் பாவிப்பதை நான் ஒரு இடத்திலாவது காணாமல் இருந்தால் நல்லது, கண்டிருக்கிறேன். குழாயைச் சுவரில் துளையிட்டு நேரே விடுவதும் கூடாது. துளையின் விளிம்பு அதிரும்போதெல்லாம் அரத்தால் உரசுவது போல உரசும். இன்னொரு எதிரியையும் சொல்ல வேண்டும்: எலி. மா மூடை உள்ள இடத்தில் எலி இருக்கும், கோழித்தீன் உள்ள இடத்தில் கேட்கவே வேண்டாம். நிலத்தோடு கிடக்கும் இறப்பர்க் குழாய் அதற்குப் பல் தீட்டும் கட்டை. எனவே குழாய் நிலத்தில் கிடக்காமலும், சூட்டுக்கு அருகில் போகாமலும், யார் காலும் தடக்காமலும் இருக்க வேண்டும். எலித்தொல்லை உள்ள இடத்தில் வெளியே உருக்கு வலை பின்னிய குழாய் வாங்குவது புத்தி.

கிளிப் என்பது திருகாணியால் இறுக்கும் உருக்கு வளையம். குழாயின் அளவுக்குச் சரியானதாக இருக்க வேண்டும். பெரிய கிளிப்பை இழுத்து இறுக்கினால் ஒரு பக்கம் மடிந்து அந்த மடிப்பால் காஸ் போகும். கம்பி, சைக்கிள் ரியூப், இன்சுலேசன் ரேப் எதுவும் கிளிப்புக்குப் பதிலாகாது. இறுக்குவதிலும் ஒரு அளவு உண்டு, கிளிப்பின் விளிம்பு குழாயை வெட்டும் வரை முறுக்குவது பலமல்ல.

திருகி இணைக்கும் நட்டுக்களில் ஒரு விசேடம் இருக்கிறது. எரியும் வாயுவுக்குரிய பல நட்டுக்கள் இடப்பக்கமாகத் திருப்பினால் இறுகும்படி வெட்டப்பட்டவை, வழக்கத்துக்கு எதிர்மாறு. அப்படிப்பட்ட நட்டின் மூலைகளில் சிறிய வெட்டுத் தழும்பு இருக்கும். வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு இது தெரிந்த விடயம், பேக்கரியில் வேலை செய்யும் தம்பிமாருக்குத் தெரியாது. கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கி நட்டைப் பிளப்பார்கள். இன்னொன்று, வெள்ளை நூல் ரேப்பை எல்லா இணைப்பிலும் சுற்றும் பழக்கம். கூம்பாகப் போகும் புரியில்தான் ரேப்புக்கு வேலை, அதுவும் காஸுக்கென வரும் தடித்த ரேப்பாக இருக்க வேண்டும். பித்தளைக் கூம்பு பித்தளையில் நேரே அமரும் இணைப்பில் ரேப் சுற்றினால் அந்த அமர்வைத்தான் கெடுக்கிறோம்.

சிலிண்டரை எங்கே வைப்பது? இதில்தான் எங்கள் கட்டிடங்களின் அமைப்பு எங்களுக்கு எதிராக நிற்கிறது. கள்வர் பயத்தால் சிலிண்டரை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். 2022இல் காஸுக்கு வரிசையில் நாள் கணக்காக நின்ற பிறகு அந்தப் பயம் இன்னும் கூடிவிட்டது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவைத் தொட்டபோது, அது நகைபோலப் பாதுகாக்கும் பொருளாகிவிட்டது. விளங்குகிறது. ஆனால் காஸ் காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது என்பதை மறக்க வேண்டாம். கசிந்தால் மேலே போய்க் கூரையால் வெளியேறாது. தண்ணீர் போல நிலத்தில் படர்ந்து பள்ளத்தைத் தேடிப் போகும். கராஜில் வாகனத்துக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் குழி, பேக்கரியின் கழிவுக் கான், அருகிலுள்ள கிணறு, இவைதான் அது போய்த் தங்கும் இடங்கள். மேலே யன்னல் திறந்திருக்கிறது என்று நினைத்து நிம்மதியாக இருக்கிறவன் முழங்காலளவு காஸில் நிற்கக் கூடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றப் போதுமானது.

ஆகவே சிலிண்டர் வெளியே, நிழலில், சமமான சீமெந்துத் தரையில், நிமிர்ந்து நிற்க வேண்டும். கானிலிருந்தும் குழியிலிருந்தும் இரண்டு மீற்றராவது விலகியிருப்பது நல்லது. களவுக்குப் பயமென்றால் கம்பி வலைக் கூடு அடித்துப் பூட்டுங்கள், அதன் அடிப்பக்கம் மட்டும் திறந்த வலையாக இருக்கட்டும். தகரத்தால் நாலா பக்கமும் மூடிய பெட்டி கூடாது. உள்ளேதான் வைக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருந்தால், நிலமட்டத்தில் வெளிச்சுவரில் காற்றுத் துவாரம் விட்டே ஆக வேண்டும்.

சிலிண்டரைச் சரித்து வைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மழைக்காலத்தில் இதுதான் நடக்கிறது. பெரிய ஹீட்டர் ஓடும்போது சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்து, சில வேளை வெண்பனி படர்ந்து, சுவாலை சோர்ந்துவிடும். காஸ் முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள், தூக்கிப் பார்த்தால் பாரம் இருக்கும். நடப்பது இதுதான்: திரவம் ஆவியாவதற்குச் சூடு வேண்டும், அதைச் சிலிண்டரின் தகட்டின் வழியாக வெளிக்காற்றிலிருந்து இழுக்கிறது. நாம் கேட்கும் வேகத்துக்கு அது இழுக்க முடியாதபோது தானே குளிர்ந்து போகிறது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் சுமார் 13 கிலோவோட் மணி வெப்பம் கிடைக்கும். 30 கிலோவோட் என்று தகட்டில் எழுதிய ஹீட்டர் மணிக்கு இரண்டே கால் கிலோவுக்கு மேல் குடிக்கும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றிலிருந்து விடாமல் அவ்வளவு எடுக்க முடியாது. எடுத்தாலும் ஐந்தரை மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். அப்போது சிலர் சுடுநீர் ஊற்றுகிறார்கள், சிலர் சிலிண்டரை அடுப்புப் பக்கம் நகர்த்துகிறார்கள், சிலர் சரித்துப் போடுகிறார்கள். சரித்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் இறங்கும். ஒரு லீற்றர் திரவம் சுமார் 250 லீற்றர் வாயுவாக விரியும். பேர்னரின் வாயில் அது சுவாலை அல்ல, தீப்பந்தம்.

இதற்கு நேர்மையான தீர்வு இரண்டு. ஒன்று, 37.5 கிலோ பெரிய சிலிண்டர். மற்றது, இரண்டு சிலிண்டரை ஒரே இணைப்புக் குழாயில் சேர்த்து ஒரே நேரத்தில் எடுப்பது. இதைக் கைப்பழக்கத்தில் செய்ய வேண்டாம், தகுதியுள்ளவரைக் கொழும்பிலிருந்தாவது கூப்பிட்டுச் செய்வியுங்கள். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்குத் தாமே ஊற்றி நிரப்பிக் கொள்கிற வேலையைப் பற்றி ஒரு வரி: வேண்டாம். திரவம் விரிவதற்குச் சிலிண்டரில் ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு நிரப்புகிறார்கள். பட்டறையில் அதை அளக்க உங்களிடம் எதுவும் இல்லை.

எல்லாம் பொருத்திய பின் கசிவு பார்ப்பது மிக இலேசு. பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து நுரைக்க வைத்து, பேர்னரின் திறப்புகளைப் பூட்டி, சிலிண்டரைத் திறந்து, ஒவ்வொரு மூட்டிலும் தூரிகையால் பூசுங்கள். வால்வின் வாய், ரெகுலேட்டரின் உடம்பு, குழாயின் இரு முனை, குழாயின் நீளம் முழுவதும். குமிழி ஊதினால் அங்கே கசிவு. அவசரப்பட வேண்டாம், சின்னக் கசிவுக்குக் குமிழி எழ ஒரு நிமிடம் பிடிக்கும். தீக்குச்சி உரசிப் பார்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள். மூக்கை மட்டும் நம்புவதும் போதாது. காஸுக்கு இயல்பில் மணமில்லை, நாம் முகரும் நாற்றம் எச்சரிக்கைக்காகச் சேர்க்கும் மெர்கப்டன் என்ற பொருளுடையது. பேக்கரியில் ஈஸ்ட் மணமும், கராஜில் தின்னர் மணமும், கூட்டில் எரு மணமும் அதை மறைத்துவிடும். அதே நாற்றத்தில் ஒரு மணித்தியாலம் நின்ற மூக்கு அதை உணராமலும் போகும்.

ஹீட்டர் எரிய ஆரம்பித்த பின் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ காஸ் முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கன மீற்றர் காற்று வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றில் உள்ள காற்றே அதைப் போல இரண்டு மடங்குதான். கோழிக்கூட்டில் குளிர் புகாமல் நாலு பக்கமும் படங்கு இறக்கி, உள்ளே புரூடர் எரித்தால் காற்றுக்கு எங்கே போவது? காற்றுக் குறைந்தால் நீலச் சுவாலை மஞ்சளாகும், புகைக்கரி படியும், காபனோரொட்சைட்டு என்ற நஞ்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடியும் அசதியும்தான் முதல் அடையாளம், மழைக்காலத் தடிமன் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். குஞ்சுகள் சோர்ந்து கிடப்பதை நோய் என்று எண்ணி மருந்து வாங்க ஓடுபவர்கள் முதலில் படங்கின் மேல் விளிம்பை ஒரு சாண் இறக்கிப் பார்க்கட்டும். உமித்தூசு பேர்னரின் துவாரங்களை அடைப்பதாலும் மஞ்சள் சுவாலை வரும், ஒவ்வொரு தொகுதிக் குஞ்சுக்கும் முன்னர் துடைத்து ஊதித் துப்புரவாக்க வேண்டும்.

நல்ல ஹீட்டர்களில் சுவாலை அணைந்தால் காஸைத் தானே நிறுத்தும் பாதுகாப்புத் திறப்பு உண்டு. பற்ற வைக்கும்போது குமிழை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்வது அதற்காகத்தான். சுவாலையில் நிற்கும் சிறு உலோக நுனி சூடானால்தான் திறப்பு திறந்து நிற்கும். அந்த அரை நிமிடத்துக்குப் பொறுமையில்லாமல் நுனியைக் கழற்றி வழியைக் கட்டிவிடும் பாஸ்மார் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதென்று அப்படிப்பட்ட பழைய ஹீட்டரை வாங்காதீர்கள்.

நான் அதிகம் பயப்படுவது இரவைப் பற்றித்தான். பேக்கரியில் வேலை செய்யும் பிள்ளைகள் பலர் வெளியூர்க்காரர். மா மூடைகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள், நிலமட்டத்தில், கசியும் காஸ் வந்து சேரும் அதே மட்டத்தில். சஹர் நேரத்துக்கு எழுந்து முதலில் செய்வது மின் ஆளியைப் போடுவது. நோன்பு மாதத்தில் வேலை இரட்டிப்பாகும், கதவுகள் பூட்டியபடியே அடுப்பு எரியும். முதலாளி வீட்டில் இருப்பார். ஆகவே படுப்பதற்கு முன் சிலிண்டரின் வால்வைப் பூட்டுவது யார் என்பதை ஒருவரின் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். பூட்டும் முறையும் சொல்லிக் கொடுங்கள்: எரிந்துகொண்டிருக்கும்போதே சிலிண்டரைப் பூட்ட வேண்டும், குழாயில் மிஞ்சிய காஸ் எரிந்து சுவாலை தானே அணைந்த பிறகு பேர்னரைப் பூட்ட வேண்டும். அப்போது குழாய் இரவு முழுவதும் வெறுமையாக இருக்கும்.

உள்ளே நுழையும்போது நாற்றம் அடித்தால் ஆளியைப் போடவும் கூடாது, போட்டிருப்பதை அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி பறக்கும். மின்விசிறி வேண்டாம், கைத்தொலைபேசியை வெளியே வந்து எடுங்கள். கதவுகளை விரியத் திறந்து, எட்டினால் சிலிண்டரைப் பூட்டி, எல்லோரையும் வெளியே அழைத்து வாருங்கள். தரையில் தங்கிய காஸ் கதவடியால் வழிந்து போக நேரம் எடுக்கும். குழி இருந்தால் இன்னும் கூடுதல் நேரம்.

செலவைக் கேட்கிறீர்களா? நல்ல குழாய், இரண்டு கிளிப், புதிய ரெகுலேட்டர் மூன்றும் சேர்த்தால் ஒரு மா அடிக்கும் இயந்திரத்தின் பெல்ட், பேரிங் மாற்றும் செலவை விடப் பெரிதாக வராது. தீக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தில் காஸ் பாவனை பற்றி எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். வீட்டுச் சிலிண்டர் ஒன்று என்று சொல்லிவிட்டுப் பட்டறையில் நான்கு வைத்திருந்தால் நட்டஈடு கேட்கும் நாளில் சிக்கல் வரும்.

குழாயையும் ரெகுலேட்டரையும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் காலம் பார்த்து மாற்ற வேண்டும். தயாரிப்பாளர் அச்சிட்ட காலம்தான் கணக்கு. சூடும் எண்ணெயும் படும் இடமென்றால் அதற்கு முன்பே மாற்றுவது என் ஆலோசனை. திகதி மறந்துவிடும் என்பார்கள். பட்டானிச்சூரில் ஒரு பேக்கரியில் மா மூடைக் கணக்கு எழுதும் கரும்பலகையின் மூலையில் வெள்ளைப் பெயின்டால் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறார்கள்: குழாய் போட்ட மாதம், ரெகுலேட்டர் போட்ட மாதம். சோக்கட்டியால் எழுதினால் பிள்ளைகள் கணக்கோடு சேர்த்து அழித்துவிடுகிறார்களாம், அதனால்தான் பெயின்ட்.